எடை குறைந்தபின் முடி கொட்டினால்
(குடும்ப நலக் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நான் தடுப்பூசி பற்றிப் பேசுவேன், இரத்தச் சோகை பற்றிப் பேசுவேன், ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடைவெளி விடுவது பற்றிப் பேசுவேன். இன்றைக்கு முடி கொட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. முடி என்பது அழகு சமாசாரம், அதற்கும் சுகாதாரத் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாகலூர்ப் பக்கத்து ஒரு குடும்பத்தைப் பார்த்த பிறகு அந்த நினைப்பை விட்டேன்.

அந்த வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். அவர் மனைவிக்கு முப்பது வயது இருக்கும். எடை 112 கிலோ, கூடவே சர்க்கரை, முழங்கால் வலி. திருமணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். எடை மளமளவென்று குறைந்தது, சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மூன்றாவது மாதம் முடிந்தபோது தலை வாரினால் சீப்பு நிறைய முடி. குளித்தால் ஜலதாரையை முடி அடைத்துக்கொள்கிறது. "மேடம், தலையில கை வெச்சா கத்தையா வருது" என்று பிற்பாடு என்னிடம் அழுதார். அப்போது அவருக்கு யோசனை சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா, "அந்த மாத்திரையெல்லாம் சூடு, அதான் கொட்டுது" என்றாராம். இந்தப் பெண்ணும் ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

எட்டாவது மாதம் தலைசுற்றல் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார். இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. கூடவே இன்னொரு சோதனையும் செய்தோம். இரண்டு மாதக் கர்ப்பம். ஆறு வருஷம் காத்திருந்த குழந்தை, ஆனால் உடம்பு வற்றிப்போன நேரத்தில் வந்திருக்கிறது. அந்த அம்மாள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

பார்த்தீர்களா, முடி கொட்டியதால் யாருக்கும் உயிர் போவதில்லை. முடி கொட்டுகிறதே என்ற பயத்தில் செய்கிற காரியம்தான் ஆபத்தில் கொண்டுபோய் விடுகிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் அந்த அறுவை சிகிச்சை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சிலர் "கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறாங்க" என்று சொல்கிறார்கள். அது வேறு. இதில் இரைப்பையைச் சிறிதாக்குகிறார்கள். ஒரு முறையில், பை போல இருக்கிற இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போலக் குறுகலான குழாயாக மிச்சத்தைத் தைக்கிறார்கள். இன்னொரு முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை ஒதுக்கி, அதை நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். இந்த இரண்டாவது முறைக்கு 1966-லேயே அமெரிக்காவில் மேசன் என்ற டாக்டர் வழிகாட்டினார். இப்போது சிறு துளை வழியாகவே செய்கிறார்கள். பெங்களூரில் செய்கிறார்கள், சென்னையில் அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். இது அழகுக்காகச் செய்வதில்லை. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று எடையே நோயாகிவிட்டவர்களுக்கு டாக்டர் பார்த்துச் சொல்வது.

கிராமத்தில் யாருக்கு இது என்று கேட்காதீர்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அளவுக்கு மீறின எடையோடு இருக்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் 100-க்கு 53 பேருக்கு இரத்தச் சோகை. பருமனாக இருக்கிற பெண்ணுக்குச் சத்து நிறைய இருக்கும் என்று நினைப்பது தவறு. உடம்பு பெருத்திருக்கும், இரத்தம் வெளுத்திருக்கும். ஓசூரில் சிப்காட் வந்தது 1970-களில். அதற்கு முன் நம் வீட்டுப் பெண்கள் கேழ்வரகுக் காட்டில் களை எடுத்தார்கள், கேணியில் தண்ணீர் சேந்தினார்கள். இன்று வாசலில் கம்பெனி பஸ் நிற்கிறது, ராத்திரி ஷிப்ட்டில் கேண்டீன் பரோட்டா. பழையபடி இருந்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கம்பெனிச் சம்பளத்தில்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் உடம்புக்கு அந்தக் கணக்குத் தெரிய வேண்டுமே.

சரி, அறுவை வயிற்றில் நடக்கிறது, முடி ஏன் தலையில் கொட்ட வேண்டும்? அதுவும் உடனே கொட்டாமல் மூன்று மாதம் கழித்து ஏன்?

இதற்குப் பதில் நம் பாட்டிமார்களிடமே பாதி இருக்கிறது. பிரசவமான பெண்ணைப் பார்த்து என்ன சொல்வார்கள்? "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்" என்பார்கள். குழந்தை எப்போது முகம் பார்த்துச் சிரிக்கும்? இரண்டு, மூன்று மாதத்தில். பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டுவதும் சரியாக அந்த மூன்றாவது மாதத்தில்தான். பாட்டி காலத்தைச் சரியாகக் கணக்கிட்டுவிட்டாள். பழியைத்தான் குழந்தையின் சிரிப்பின் மேல் போட்டுவிட்டாள், பாவம்.

நடப்பது இதுதான். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருஷம் வரை வளர்கிறது, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில். அதன்பின் வளர்வதை நிறுத்திவிட்டு மூன்று மாதம் போல ஓய்வெடுக்கிறது. ஓய்வு முடிந்ததும் கழன்று விழுகிறது, அதே குழியிலிருந்து புது முடி கிளம்புகிறது. எல்லா முடியும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போவதில்லை. நூற்றில் பத்துப் பேர் மட்டும் லீவில் இருக்கிற கம்பெனி மாதிரி. அதனால்தான் தினம் ஐம்பது, நூறு முடி விழுந்தாலும் நமக்குத் தெரிவதில்லை.

உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. பெரிய ஆப்பரேஷன், பிரசவம், டைபாய்டு, டெங்கு, பட்டினி, திடீரென்று பத்து இருபது கிலோ எடை இறங்குவது, எதுவாகவும் இருக்கலாம். 2020, 2021-ல் கொரோனா வந்து பிழைத்தவர்களில் பலருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான் இதுவும். மழை பொய்த்து, குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது ரோஜாத் தோட்டத்துக்கு யாராவது நீர் பாய்ச்சுவார்களா? உடம்பும் அப்படித்தான். இருக்கிற சத்தை இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்துவிட்டு, முடிக்கு "நீ கொஞ்சம் சும்மா இரு" என்று சொல்லிவிடுகிறது. நூற்றுக்குப் பத்து முடி ஓய்வில் இருந்த இடத்தில் இருபது, முப்பது ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஆனால் ஓய்வுக்குப் போன முடி அன்றைக்கே விழுவதில்லை. மூன்று மாதம் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மொத்தமாகக் கழல்கிறது. 1961-ல் கிளிக்மன் என்கிற தோல் டாக்டர் இதை விளக்கிப் பெயரும் வைத்தார்.

அதனால், மார்ச்சில் கொட்டுகிற முடிக்கு டிசம்பரில் காரணம் தேடுங்கள். நம் ஆட்கள் நேற்று மாற்றிய சோப்பைக் குற்றம் சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயம். விழுந்த முடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக வெள்ளைப் பொட்டு இருக்கும். "வேரோடு பிடுங்கிட்டு வந்திருச்சு, இனி வளராது" என்று பெண்கள் பதறுவது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை. ஓய்வெடுத்த முடியின் அடிமுனை அது. முடியைப் பிறப்பிக்கிற குழி தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. அந்த வெள்ளைப் பொட்டு இருந்தால், இது தானாக ஓய்வுக்குப் போய் விழுந்த முடி என்று அர்த்தம். பொட்டு இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால் அது உடைந்த முடி. நம் போர் தண்ணீரின் உப்பு, இறுக்கமான பின்னல், ஈரத் தலையில் சீப்பு போடுவது, இவையெல்லாம் முடியை உடைக்கும். மொத்தமாகக் கொட்ட வைக்காது. போர் தண்ணீரைத் திட்டாத ஆள் ஓசூரில் இல்லை, ஆனால் இந்தக் குற்றத்தை அதன் தலையில் கட்ட முடியாது. ஆண்கள் ஹெல்மெட்டைச் சொல்கிறீர்கள். ஹெல்மெட்டும் இல்லை. தயவுசெய்து அதைக் கழற்றிவிடாதீர்கள்.

எடை அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இப்படிக் கொட்டுகிறது. மூன்றாம் மாதம் போல ஆரம்பித்து, மூன்று மாதமோ ஆறு மாதமோ கொட்டி, பிறகு தானே நிற்கும். நெற்றியோரத்தில் சின்னச் சின்ன முடி குத்திட்டு நிற்கும், எண்ணெய் வைத்தாலும் படியாது. அதுதான் புது முடி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்று சொன்னேனே, பழையபடி பின்னலில் அடர்த்தி தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் ஆரம்பித்து அந்த வருஷத்துக்குள் அடங்குவது அதிர்ச்சியால் வருவது. ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாக ஆரம்பித்தாலோ, ஒரு வருஷமாகியும் நிற்காவிட்டாலோ, உடம்பில் சத்துக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இரும்புச்சத்து, புரதம், துத்தநாகம், பி12, இவற்றில் ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது. தைராய்டாகவும் இருக்கலாம். அப்போது இரத்தப் பரிசோதனை செய்யாமல் எண்ணெய் மாற்றிக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலும், தலைத்தோல் சிவந்து செதில் உதிர்ந்தாலும், அது வேறு நோய். தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். இதில்தான் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது.

முடி என்பது முழுக்கப் புரதத்தால் ஆனது. அறுவை செய்தவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் சாப்பிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் வயிறோ ஒரு டம்ளர் அளவு. நம் வீட்டில் என்ன சாப்பாடு? களி. கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்தில் அதற்கு ஈடு அரிசியும் இல்லை, கோதுமையும் இல்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் களி தின்று வளர்ந்தவள்தான். ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் புரதம் 7 கிராம்தான். சின்ன வயிற்றைக் களியால் நிரப்பிவிட்டால் முட்டைக்கும் பருப்புக்கும் இடம் ஏது? அதைவிட முக்கியம், களியை நாம் மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவோம். குறுக்கின இரைப்பையில் அந்த உருண்டை போய் அடைத்துக்கொண்டால் நெஞ்சு வலிக்கும், வாந்தி வரும். வாந்தி வந்தால் உள்ளே போன சத்தும் போச்சு. ஆகையால் களி வேண்டாம், டாக்டர் கெட்டி ஆகாரம் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு மோர் கலந்த கேழ்வரகுக் கூழாகக் கொஞ்சம் குடிக்கலாம், அதுவும் புரதம் சாப்பிட்ட பின்பு.

முதல் கவளம் புரதமாக இருக்கட்டும். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்று வையுங்கள், 6 கிராம். 50 கிராம் கொள்ளை வேகவைத்தால் 11 கிராம். அவரைப் பருவத்தில் மொச்சைக்கொட்டை இருக்கவே இருக்கிறது. சோயா உருண்டை 20 கிராம் போட்டால் 10 கிராம் கிடைக்கும், பல கறிகளைவிட மலிவு. கோழிக்கறி நாலு துண்டு, அதாவது வெந்தது 75 கிராம் இருந்தால், 20 கிராம் போல. ஒரு முட்டை, இரண்டு டம்ளர் பால், கொள்ளு, சோயா, கறி என்று கூட்டிப் பாருங்கள், 60 கிராம் பக்கத்தில் வந்துவிடுகிறது. கறி சாப்பிடாத வீட்டில் பனீர், தயிர், பருப்பை அதிகமாக்குங்கள். ஒரே வேளையில் இறங்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை, நன்றாக மென்று. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்க வேண்டாம், அரை மணி நேரம் விட்டுக் குடியுங்கள். அறுவை முடிந்த முதல் வாரங்களில் திரவ ஆகாரம், அப்புறம் மசித்தது என்று ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு கொடுத்திருப்பார்கள். அந்தச் சீட்டுதான் சட்டம், என் பேச்சு அதற்கு அப்புறம்.

இங்கே மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. "இத்துனூண்டு சாப்பிட்டா உடம்பு தாங்குமா, இன்னொரு கரண்டி போட்டுக்கோ" என்பது பாசம்தான். ஆனால் அந்த இன்னொரு கரண்டி சோறு வாந்தியாக வந்துவிடும். சோற்றுக்குப் பதில் ஒரு முட்டையைத் தள்ளி வையுங்கள், உங்கள் பாசமும் உள்ளே போகும்.

மாத்திரைக்கு வருகிறேன். இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் டி, பி12, எல்லாம் கலந்த சத்து மாத்திரை, இவை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியவை. இரைப்பையைக் குறைத்துவிட்டார்கள், பழையபடி சோற்றிலிருந்து சத்தை உறிஞ்ச முடியாது. பி12 சிலருக்கு ஊசியாகவும் போடுவார்கள். மாத்திரை சூடு என்பதெல்லாம் பேச்சு. முடி கொட்டுவது மாத்திரையால் இல்லை, மாத்திரை இல்லாவிட்டால்தான் இன்னும் கொட்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது இயல்புதான். இரும்பையும் சுண்ணாம்பையும் சேர்த்து விழுங்காதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். டீயோடு இரும்பு மாத்திரை வேண்டவே வேண்டாம். எலுமிச்சை ஜூஸ் பரவாயில்லை.

"சார் கடையில முடிக்குன்னே மாத்திரை விக்குது, பயோட்டின்னு எழுதியிருக்கு" என்று கேட்பவர்கள் உண்டு. பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைவு இல்லாதவருக்கு அதை அள்ளிக் கொடுப்பதால் முடி வளர்ந்துவிடாது. அதோடு, அதிக அளவு பயோட்டின் சாப்பிட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போனால் தைராய்டு முதலிய சில கணக்குகள் தப்பாகக் காட்டும் என்று 2017-ல் அமெரிக்க மருந்துத் துறையே எச்சரித்தது. சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வைட்டமின் ஏ-யை அளவுக்கு மீறி விழுங்கினால் அதுவே முடியைக் கொட்ட வைக்கும். ஆயிரம் ரூபாய் எண்ணெய் பற்றியும் கேட்கிறீர்கள். தேங்காய் எண்ணெய் தடவுங்கள், தலை இதமாக இருக்கும், சிக்கு பிடிக்காது. அதற்கு மேல் எந்த எண்ணெயும் ஓய்வுக்குப் போன முடியைத் திரும்பக் கூப்பிடாது. அந்த ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போடுங்கள். இன்னொருத்தர், திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா என்று கேட்டார். வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் கத்தி தோலுக்கு மேலேதான் போகிறது, குழிக்கு அது தெரியாது. மழித்த முடி முனை மழுங்கி வளர்வதால் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். கொட்டுகிற காலத்தில் முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொள்வது நல்லது. பின்னலைத் தளர்த்திக்கொள்ளுங்கள், கனமான பூச்சரத்தை விசேஷ நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தலைமுடியை விட அவசரமானது ஒன்று உண்டு. அறுவைக்குப் பிறகு நாள் கணக்கில் வாந்தி நிற்காமல், கூடவே கண் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். பி1 என்கிற வைட்டமின் தீர்ந்துபோனதால் மூளை பாதிக்கப்படுகிற அறிகுறி அது. 108-க்குப் போன் செய்யுங்கள், அறுவை செய்த விவரத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இப்போது கணவன்மார்களே, உங்களிடம். பாகலூர்ப் பக்கத்து அந்தப் பெண்ணிடம், மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று நான் கேட்டபோது முதலில் பக்கத்து வீட்டு அம்மாவைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மெதுவாகச் சொன்னார்: "ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அவர் என் தலையைப் பார்த்துட்டு, இதுக்கு நீ முன்னாடி மாதிரியே இருந்திருக்கலாம்னு சொன்னாரு மேடம்." கணவரைக் கேட்டால், "விளையாட்டுக்குச் சொன்னேனுங்க" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு வந்து மனைவியை பஸ்ஸில் பெங்களூருக்கு மூன்று முறை அழைத்துப் போனவர். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு அந்தப் பெண் கல்யாணத்துக்கும் போகவில்லை, மாத்திரையும் சாப்பிடவில்லை. எடை குறைந்து, சட்டை தொளதொளவென்று ஆகி, கண்ணாடியில் தன்னையே அடையாளம் தெரியாத நேரம் அது. அந்த நேரத்தில் தலையைப் பற்றிப் பேசாதீர்கள். "மாத்திரை போட்டியா, முட்டை சாப்பிட்டியா" என்று மட்டும் கேளுங்கள். அறுவை செய்துகொண்டது கணவனாக இருந்தால் மனைவிமார்களுக்கும் இதே பேச்சுதான். ஆண்களுக்கும் கொட்டும். அவர்கள் அழ மாட்டார்கள், தொப்பி வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்து, குடும்ப நலம். இதைச் சொல்லாவிட்டால் இந்தக் கூட்டத்துக்கே அர்த்தமில்லை.

அறுவை முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் கூடாது. எடை வேகமாக இறங்குகிற காலம் அது. தாய்க்கே சத்துப் போதாமல் முடி கொட்டிக்கொண்டிருக்கிறது, குழந்தைக்கு எங்கிருந்து கொடுப்பாள்? ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. எடை அதிகமாக இருந்ததால் மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், வருஷக்கணக்கில் கருத்தரிக்காத பெண்களுக்கு, எடை குறைய ஆரம்பித்த சில மாதங்களிலேயே கருமுட்டை ஒழுங்காக வெளிவர ஆரம்பித்துவிடும். "எங்களுக்குத்தான் பிள்ளையே நிக்கலையே, எதுக்கு ஆணுறை" என்று இருப்பார்கள். திடீரென்று நின்றுவிடும். நான் சொன்ன குடும்பத்தில் நடந்தது அதுதான்.

ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும்போதே கருத்தடைக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். குடலை மாற்றி இணைக்கிற அறுவை செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், அதை நம்ப வேண்டாம். காப்பர் டி நல்லது, இரைப்பைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுகிற அந்தரா ஊசி இருக்கிறது, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போடலாம். ஆணுறை நம் சுகாதார நிலையத்தில் இலவசம், பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஆண்களுக்கான கத்தியில்லா வாசக்டமி இருக்கிறது. இதைச் சொன்னதும் ஏன் எல்லோரும் கூரையைப் பார்க்கிறீர்கள்? மனைவி வயிற்றில் ஒரு முறை கத்தி பட்டாயிற்று. இரண்டாவது முறையும் அவளே படுக்க வேண்டுமா என்று வீட்டில் போய்ப் பேசுங்கள்.

18 மாதம் கழிந்து குழந்தை வேண்டும் என்கிறபோது முதலில் இரத்தம் பார்த்து, இரும்பு, பி12, போலிக் அமிலம் எல்லாம் சரிசெய்துகொண்டு ஆரம்பியுங்கள். அறுவை செய்தவர் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைக்க இதில் ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்க நினைப்பது தெரிகிறது. இரத்தத்தில் இரும்பு ஏற்றினார்கள், ஊசியாக பி12 போட்டார்கள், மாதா மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். கணவர் லீவு போட்டு ஒவ்வொரு முறையும் கூடப் போனார். குழந்தை 2 கிலோ 100 கிராமில் பிறந்தது. எடை குறைவுதான், சில நாள் தனி வார்டில் வைத்திருந்தார்கள். பிறகு தேறிவிட்டது. பிரசவமாகி மூன்றாம் மாதம் அந்த அம்மாளுக்கு மறுபடியும் முடி கொட்டியது. எனக்குப் போன் செய்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "தெரியும் மேடம், குழந்தை சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. மாத்திரை நிறுத்தல" என்றார்.

நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். சர்க்கரை, கொதிப்பு மாத்திரையோடு வீட்டுக்கே வருகிற பணியாளரிடம் எடை அறுவை செய்துகொண்டதைச் சொல்லுங்கள். எடை குறைய ஆரம்பித்தால் சர்க்கரை மாத்திரையின் அளவையும் டாக்டர் குறைக்க வேண்டி வரும். பழைய அளவையே விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

அறுவை செய்துகொண்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே யாராவது இருந்தால், எழுந்து சொல்ல வேண்டாம். பெங்களூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு கன்னடத்திலோ இங்கிலீஷிலோ இருந்தாலும் பரவாயில்லை, அதையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியுமாகச் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். டாக்டரம்மாவிடம் நானே கூட்டிப் போகிறேன்.